பூட்டும் நாட்காட்டியும்: சொத்து முடக்க அதிகாரத்தின் எண்பது ஆண்டுகள்

அமலாக்கத் துறை ஒருவருடைய வீட்டையோ வங்கி இருப்பையோ தொட்ட மறுநாளே நாளிதழ்களில் 'பறிமுதல்' என்ற சொல் வந்துவிடுகிறது. பேச்சு வழக்கில் எல்லாமே ஜப்திதான். சட்டம் இவற்றை வேறுபடுத்துகிறது. சோதனையின்போது பொருளையோ ஆவணத்தையோ எடுத்துச் செல்வது கைப்பற்றல். சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ பெயர் மாற்றவோ கூடாதெனத் தடுத்து வைப்பது முடக்கம். உரிமையே அரசிடம் போய்ச் சேர்வது பறிமுதல். முதல் இரண்டும் விசாரணையின் நடுவே நிகழ்பவை. மூன்றாவது, பொதுவாக, குற்றம் நிரூபணமான பின் சிறப்பு நீதிமன்றம் செய்வது. முடக்கத்துக்கும் பறிமுதலுக்கும் இடையே பல ஆண்டுகள் கழியக்கூடும். அந்த ஆண்டுகளில் சொத்துக்கு உரியவர் சட்டத்தின் பார்வையில் குற்றவாளி அல்லர். ஆயினும் அவர் சொத்து அவர் கையில் இல்லை.

இந்த இடைவெளியைக் கட்டுப்படுத்தும் வரம்புகள் 1944 முதல் இன்றுவரை முற்றாக மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கின்றன. ஒரு காலத்தில் வரம்பு 'யார் முடக்கலாம்' என்ற கேள்வியில் இருந்தது. இன்று அது 'என்ன எழுதி வைத்தார், எத்தனை நாளுக்குள் செய்தார்' என்ற கேள்வியில் இருக்கிறது.

தொடக்கப்புள்ளி இரண்டாம் உலகப் போர்க்காலம். அரசுப் பணத்தை மோசடி செய்தும் லஞ்சம் வாங்கியும் சேர்த்த சொத்து, வழக்கு முடிவதற்குள் கைமாறிவிடுவதைத் தடுக்க, 1944இல் குற்றவியல் சட்டத் திருத்த அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதன்படி காவல் அதிகாரியால் தாமாக எதையும் முடக்க இயலாது. அரசின் ஒப்புதலோடு மாவட்ட நீதிபதியிடம் மனு செய்ய வேண்டும். முடக்க ஆணை நீதிபதியுடையது. பாதிக்கப்பட்டவரின் ஆட்சேபத்தைக் கேட்பவரும் அவரே. முடக்கத்துக்குப் பதிலாக உரிய பிணையம் கொடுத்துச் சொத்தை மீட்கவும் வழி இருந்தது. அன்னிய ஆட்சி, அதுவும் போர்க்காலத்தில் இயற்றிய அவசரச் சட்டம், சொத்துக்கும் விசாரணை அதிகாரிக்கும் நடுவே ஒரு நீதிபதியை நிறுத்தியது என்பதை வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். அவசரச் சட்டங்களுக்கு இருந்த ஆறு மாத ஆயுள் வரம்பு போரையொட்டி நீக்கப்பட்டிருந்ததால், அது காலாவதியாகாமல் இன்றும் நடைமுறையில் உள்ளது.

அடுத்த பெரிய மாற்றம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், வந்தது. கடத்தல்காரர்கள், அன்னியச் செலாவணி மோசடியாளர்கள் ஆகியோரின் சொத்தைப் பறிக்கும் அச்சட்டம், தண்டிக்கப்பட்டவர்களோடு நிற்கவில்லை. விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களையும் உறவினர்களையும் கூட்டாளிகளையும் தன் வளையத்துக்குள் இழுத்தது. சொத்து நேர்வழியில் வந்தது என மெய்ப்பிக்கும் சுமை உரியவர்மேல் விழுந்தது. நீதிமன்ற ஆய்விலிருந்து காக்க அதை ஒன்பதாம் அட்டவணையிலும் சேர்த்தார்கள். 1994இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் உறவினர் பெயரில் உள்ள சொத்து, கடத்தியவரிடமிருந்து வந்ததாகத் தடம் காட்டப்பட்டால் மட்டுமே அதைத் தொடலாம் என ஓர் எல்லையும் வரைந்தது. 'தடம்' என்னும் இந்தக் கருத்து பின்னாளைய வழக்குகளிலும் திரும்பத் திரும்ப வரும்.

இதற்கிடையில் சொத்துரிமையே அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து இறங்கியிருந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் அரசமைப்புத் திருத்தம் அதை 300ஏ பிரிவில் அமர்த்தியது: சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரிடமிருந்து சொத்தைப் பறிக்கலாகாது. நிலச் சீர்திருத்தத்தை மனத்தில் வைத்துச் செய்த அந்த மாற்றத்தின் விளைவு வேறொரு துறையில் தெரிந்தது. சொத்தைப் பாதுகாக்கும் கேள்வி, பெருமளவு, 'சட்டம் சொன்ன நடைமுறை பின்பற்றப்பட்டதா' என்ற கேள்வியாகச் சுருங்கியது.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் இந்தப் பின்னணியில் பிறந்தது. போதைப்பொருள் கடத்தலுக்கெதிரான 1988ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, 1998ஆம் ஆண்டின் ஐ.நா. சிறப்புக் கூட்டப் பிரகடனம் ஆகியவற்றின் அழுத்தத்தில், 1998 ஆகஸ்டில் மசோதா மக்களவைக்கு வந்தது. நிலைக்குழு, தெரிவுக்குழு எனப் பல கைகளைக் கடந்து, 2003 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2005 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதன் ஐந்தாம் பிரிவில் முடக்கும் கை மாறியது. மாவட்ட நீதிபதியின் இடத்தில் அமலாக்கத் துறையின் துணை இயக்குநர் நிலைக்குக் குறையாத அதிகாரி வந்தார். ஆனால் தொடக்கத்தில் அவருக்கு வேலிகள் பல. கையிலுள்ள ஆதாரத்தின் அடிப்படையில் 'நம்புவதற்கான காரணம்' இருக்க வேண்டும். அதை எழுத்தில் பதிய வேண்டும். சொத்து மறைக்கப்படவோ கைமாற்றப்படவோ வாய்ப்பிருக்க வேண்டும். சொத்தை வைத்திருப்பவர்மீது மூலக் குற்றமான அட்டவணைக் குற்றம் சாட்டப்பட்டிருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். முடக்கத்தின் ஆயுள் 90 நாள்.

2009இல் இந்த ஆயுள் 150 நாளாயிற்று. உடனே முடக்காவிட்டால் நடவடிக்கையே வீணாகும் என அதிகாரி நம்பினால், குற்றப்பத்திரிகைக்குக் காத்திராமல் எவருடைய சொத்தையும் முடக்கலாம் என்ற விதிவிலக்கும் சேர்ந்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 150ஐ 180 ஆக்கியது. குற்றம் சாட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. விதிவிலக்கு விதியையே விழுங்குமளவு அகலமானது. முடக்கம் உறுதி செய்யப்பட்ட பின், வழக்குத் தொடராமல் விசாரணையை நீட்டிக்க 2018இல் 90 நாள் தரப்பட்டது; மறு ஆண்டே அது 365 ஆயிற்று. 2015, 2018, 2019ஆம் ஆண்டு மாற்றங்கள் நிதிச் சட்டங்களின் வழியே வந்தவை என்பது தனி விவாதம். மாநிலங்களவையைச் சுற்றிக்கொண்டு போகும் அந்தப் பாதை செல்லுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு விட்டிருக்கிறது.

எஞ்சியவை எவை? எழுதிய காரணம், நாள் கணக்கு, மூலக் குற்றம், சொத்தின் தடம். நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்டிருப்பவை இவற்றைத்தான்.

நாள் கணக்கு இறுக்கமானது. ஆணையும் ஆதாரங்களும் உடனே உறையிட்டுத் தீர்ப்பளிக்கும் ஆணையத்துக்குப் போக வேண்டும். 30 நாளுக்குள் முறையான புகார் தாக்கலாக வேண்டும். சொத்துக்காரருக்கு விளக்கமளிக்கக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். 180 நாளுக்குள் ஆணையம் உறுதி செய்யாவிட்டால் முடக்கம் தானே இறந்துவிடும். பெருந்தொற்று இந்தக் கணக்கைச் சோதித்தது. வழக்குகளுக்கான கால வரம்பை உச்ச நீதிமன்றம் பொதுவாக நீட்டித்திருந்ததால், 180 நாளும் நீண்டுவிட்டதாக அரசுத் தரப்பு வாதிட்டது. 2020 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த நீட்டிப்பு வழக்காடுவோரின் நலனுக்கானது. குடிமகனின் சொத்தை அரசு கூடுதல் நாள் பிடித்து வைத்திருப்பதற்கான அனுமதி அன்று. அதே ஆண்டு ஜூனில், மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கொன்றில், குற்றப்பத்திரிகைக்கான கெடு தொற்றால் நீளாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஒன்று உடலின் விடுதலை, மற்றொன்று சொத்தின் விடுதலை; நாட்காட்டி இரண்டுக்கும் ஒரே வகையில் வாசிக்கப்பட்டது.

எழுதிய காரணத்தின் மதிப்பு 2021 பிப்ரவரியில் தெளிவாயிற்று. அமலாக்கத் துறை ஒரு நிறுவனத்தின் கணக்குகளை முடக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. சட்டம் கோரிய 'நம்புவதற்கான காரணம்' எங்கும் பதிவாகவில்லை; ஆணையத்துக்கு அறிக்கையும் போகவில்லை. ஒரு செயலை இன்ன முறையில் செய் எனச் சட்டம் சொன்னால் அம்முறையில் செய்ய வேண்டும், இல்லையேல் செய்யவே கூடாது என்ற பழைய விதியை நினைவூட்டி, உச்ச நீதிமன்றம் கணக்குகளை விடுவித்தது. அந்தக் கணக்குகளிலிருந்து செலுத்தப்பட வேண்டியிருந்தவற்றில் ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. தொகையும் அடக்கம். ஒரு கோப்பில் எழுதப்படாத நான்கு வரி, குற்றத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்களின் மாதக் கணக்கைத் தொடுகிறது.

2022 ஜூலை 27இன் விஜய் மதன்லால் சௌத்ரி தீர்ப்பு அரசுக்குச் சாதகமானதாகவே நினைவுகொள்ளப்படுகிறது. அது பிழையன்று, ஐந்தாம் பிரிவை அத்தீர்ப்பு முழுமையாக ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பில் இரண்டு வரம்புகள் உள்ளன. மூலக் குற்றத்திலிருந்து ஒருவர் இறுதியாக விடுவிக்கப்பட்டால் அவர்மீது பணப் பரிமாற்றக் குற்றம் நிற்காது. உறுதி செய்யப்பட்ட முடக்கத்தின் பின்னும், பறிமுதல் ஆணைக்கு முன் சொத்தின் அனுபவத்தைப் பறிப்பது விதிவிலக்காகவே இருக்க வேண்டும். முடக்கப்பட்ட வீட்டில் குடியிருப்பவர் தொடர்ந்து குடியிருக்கலாம் என்று ஐந்தாம் பிரிவே சொல்கிறது. சீல் வைக்கும் அவசரத்தில் மறக்கப்படும் வாசகம் அது.

தடத்தைப் பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. குற்ற வருவாய் என்பதன் வரையறையில் 'அத்தகைய சொத்தின் மதிப்பு' என்ற சொற்றொடர் உள்ளது. பணம் காணாமற்போனால் அதற்கீடாக நேர்வழியில் வாங்கிய நிலத்தைப் பிடிக்கலாமா? டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் பிடிக்கலாம் என்றது. நல்லெண்ணத்தோடு முன்பே கடன் கொடுத்தவரின் உரிமைக்கு இடம் விட்டது. பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 2020இல் எதிர்த்திசையில் சென்றது. அட்டவணைக் குற்றம் நிகழ்வதற்கு முன் வாங்கிய சொத்துக்குக் குற்ற வருவாயோடு தொடர்பிருக்க முடியாது என 2023 நவம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறிற்று. ஆயினும் ஈடான மதிப்புக் குறித்த விவாதம் அதனோடு ஓயவில்லை. மூலக் குற்றம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கையாண்ட உவமை சட்ட வட்டாரங்களில் பரவலாகப் பேசப்பட்டது: இச்சட்டம் கப்பலின் அடியில் ஒட்டவைக்கும் கண்ணிவெடி போன்றது, கப்பலே இல்லாதபோது வெடிக்கு வேலையில்லை.

365 நாள் வரம்பு 2024 ஜனவரி இறுதியில் டெல்லியில் சோதிக்கப்பட்டது. அந்தக் காலம் முடிந்தும் வழக்கு எதுவும் தொடரப்படாவிட்டால் என்ன ஆகும் என்று சட்டத்தில் வெளிப்படையாக இல்லை. இல்லாததால் முடக்கம் தொடரும் என்றது அமலாக்கத் துறை. உயர் நீதிமன்றமோ 300ஏ பிரிவை முன்வைத்து, சொத்து திரும்ப வேண்டும் என்றது.

1944இன் நீதிபதியும் முற்றாக வெளியேறிவிடவில்லை. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்த்த 18ஏ பிரிவு, பணப் பரிமாற்றச் சட்டத்துக்கு உட்படாத அளவில், அந்தப் போர்க்கால அவசரச் சட்டத்தையே முடக்க நடைமுறையாக ஏற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவும் குற்ற வருவாயை முடக்கும் ஆணையை நீதிமன்றத்திடமே வைத்திருக்கிறது. காவல் அதிகாரி மேலதிகாரியின் ஒப்புதலோடு விண்ணப்பிக்க மட்டுமே முடியும். ஆகவே லஞ்சப் பணத்தில் கட்டியதாகச் சந்தேகிக்கப்படும் ஒரே வீட்டுக்கு இன்று இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்றில் நீதிபதி முதலில் நிற்கிறார். மற்றொன்றில் துணை இயக்குநர். எந்த வாசல் வழியே நுழைவது என்பதை வீட்டுக்காரர் தீர்மானிப்பதில்லை.