கலோனிமோஸ்: ஒரு பெயரின் வரலாறு

ஒருவனது பெயரைக் கேட்ட அளவிலேயே அவனது இனத்தையும் குருதியையும் அளந்துவிடலாம் என்று கருதுவோர் எக்காலத்திலும் உளர். யூத ஆடவரிடையே இன்று அருகி வழங்கும் கலோனிமோஸ் என்னும் பெயர் அவர்களுக்குத் தக்க மறுமொழியாகும்.

இது யூதரின் பெயர். ஆயின் எபிரேயச் சொல்லன்று. கிரேக்கத்தில் ‘கலோஸ்’ என்பது நல்லது, அழகியது எனப் பொருள்படும். ‘ஒனோமா’ என்பது பெயர். ‘ஷெம் தோவ்’ என்னும் எபிரேயப் பெயருக்கும் நற்பெயர் என்பதே பொருள். அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே கலோனிமோஸ் என்பது அறிஞர் பலரின் கருத்து.

கி.மு. 332இல் அலெக்சாந்தர் பலஸ்தீனத்தைக் கைப்பற்றிய பின்னர், கிரேக்கம் அப்பகுதியில் ஆட்சிக்கும் வணிகத்துக்கும் உரிய மொழியாயிற்று. யூதரும் கிரேக்கப் பெயர்களைச் சூடினர். கிரேக்க மன்னனை எதிர்த்துப் போராடித் தனியரசு நிறுவிய ஹஸ்மோனியர் குடியிலேயே அரிஸ்தோபுலஸ், அலெக்சாந்தர் என்னும் பெயர்கள் தோன்றியமை மனங்கொள்ளத்தக்கது. ஆதிக்கத்தை எதிர்த்தல் வேறு. ஒரு மொழியை வெறுத்தல் வேறு.

இடைக்காலத்தில் இப்பெயர் இத்தாலியின் லூக்கா நகரிலிருந்து றைன் நதிக்கரையிலுள்ள மைன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்த அறிஞர் குடும்பமொன்றினாற் புகழ்பெற்றது. 982இல் போரில் தோற்றோடிய பேரரசன் இரண்டாம் ஒட்டோவுக்குத் தன் குதிரையை ஈந்து உயிர்காத்த யூதன் ஒருவனின் பெயரும் கலோனிமோஸ் என்பதே. எனினும் அரசர்க்குச் செய்த உதவி மக்களுக்குக் காப்பாகவில்லை. 1096இல் சிலுவைப் போர்ப்படையினர் மைன்ஸ் யூதரைக் கொன்று குவித்தபோது, அம்மக்களின் தலைவராய் நின்று மாண்டவரும் ஒரு கலோனிமோஸே.

1286இல் பிரான்சின் ஆர்ல் நகரிற் பிறந்த கலோனிமோஸ் பென் கலோனிமோஸ் அராபிய நூல்கள் பலவற்றை எபிரேயத்தில் ஆக்கினார். அவற்றுள் ஒன்றில், தம்மை அடிமைகொண்ட மனிதர்மீது விலங்குகள் ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுக்கின்றன. கிரேக்கப் பெயர் கொண்ட யூதர் ஒருவர், அராபிய முஸ்லிம்கள் இயற்றிய நூலை எபிரேயத்திற் பெயர்த்தார். பண்பாடு வளர்ந்த வழி இதுவே.

காலப்போக்கில் இப்பெயர் இத்திஷ் மொழியிற் ‘கல்மான்’ எனக் குறுகி, கிழக்கு ஐரோப்பாவின் எளிய மக்களிடையே பரவிற்று.

1938 ஆகஸ்ட் 17இல் நாசி அரசு பெயரையே விலங்காக்கிற்று. அரசின் பட்டியலிலுள்ள ‘யூதப் பெயர்’ இல்லாத யூத ஆடவர் ‘இஸ்ராயேல்’ என்றும், பெண்டிர் ‘சாரா’ என்றும் 1939 ஜனவரி முதல் மேலதிகப் பெயர் சூடவேண்டும் என ஆணை பிறந்தது. பன்மொழிகள் கூடி ஈன்ற பெயர்களை, குருதியின் பெயரால் வேலியிட்டுப் பிரித்தனர். இவ்வாணையை வரைவதிற் பங்குகொண்ட ஹன்ஸ் குளோப்கே, 1953 முதல் 1963 வரை மேற்கு யேர்மனிய அரசதிபரின் அலுவலகத் தலைவராய் வீற்றிருந்தார்.

வார்சா யூதச் சேரியில் அடைபட்ட சமயகுரு கலோனிமுஸ் கல்மான் ஷாப்பிரா தம் பேருரைகளை எழுதி மண்ணில் புதைக்கச் செய்தார். 1943இல் அவர் கொல்லப்பட்டார். 1950இல் அவ்வெழுத்துக்கள் இடிபாடுகளிடையே கண்டெடுக்கப்பட்டன.

கலப்பற்ற இனம் என்று எவரேனும் முழங்கும்போது இப்பெயரை நினைவுகூர்வோமாக. அதன் வேர் கிரேக்கம், பொருள் எபிரேயம், குறுக்கம் இத்திஷ். அதைச் சுமந்தவரோ ஒரு முழு மனித வரலாற்றையே சுமந்தனர்.