மலேசியத் தமிழ்ப் புனைகதையில் பிரிவுத்துயரும் குடும்பமும்

மலேசியத் தமிழ் நாவல், சிறுகதைகளில் பிரிவுத்துயர் என்பது பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வீட்டுத் துயர். ஈப்போவுக்கு வடக்கே செமோர், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் பால்மரத்தையும் ஈயத்தையும் நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், பாதி உறவைத் தமிழகத்து ஊரில் விட்டு வந்தவை.

1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'யை மலேசியத் தமிழின் முதல் நாவல் எனப் பலர் கொள்வர். 1950களில் 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பு சிறுகதையாளர்களை உருவாக்கியது.

பிரிவுத்துயர் என்னும் பொருள் ஆழம் பெற்றது சயாம் மரண ரயிலைப் பற்றிய எழுத்தில்தான். 1942-43இல் ஜப்பானியர், சயாம் எனப்பட்ட தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கி.மீ. இருப்புப்பாதை போட்டனர். அதற்காகத் தோட்டத்து ஆண்களை ஆசைகாட்டியும் வலிந்து பிடித்தும் ரயிலேற்றினர்.  மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பு. தமிழ் நூல்கள் சில அதனினும் கூட்டிச் சொல்லும். பலருக்கு உடலும் வரவில்லை, தகவலும் வரவில்லை. உடல் இல்லாமல் ஒப்பாரி வைப்பதா, நெற்றிப் பொட்டை அழிப்பதா என்று தெரியாமல் பெண்கள் மறுநாளும் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய் நின்றார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) தந்தையைத் தேடிப் போகும் மகனின் கதை. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005) அதே களத்தில் நிற்கிறது. இவற்றில் மகிழ்ச்சி என்பது போனவர் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்வது, அவ்வளவே.

1969க்குப் பின் வேலைப் பெர்மிட் சட்டத்தால் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். குடிமக்களுக்கான நீலக் கார்டு வைத்திருந்த உறவுகள் கரையில் நின்றன. இந்தப் பிரிவுக்குச் சயாம் ரயில் அளவுக்கு நாவல்கள் அமையவில்லை.

ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' (1998) துயரைத் தோட்டத்திலிருந்து நகரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. புற்றுநோயோடு சாவை எதிர்நோக்கியிருக்கும் தாத்தா, பேரனைப் பறிகொடுக்கிறார். தாத்தாவும் பேரனும் ஒருவருக்கொருவர் துணையாகும் பகுதிகள் மலேசிய நாவலில் வந்த மிகக் கனிவான பக்கங்கள் எனலாம்.

அண்மையில் ம. நவீனின் 'பேய்ச்சி' (2019) தாய்மையின் சினத்தை எழுதியது. 2020இல் உள்துறை அமைச்சு அதைத் தடைசெய்தது. கோ. புண்ணியவான் சயாம் ரயிலை எழுதிய நாவலின் பெயர் 'கையறு'. இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்துவதைப் பாடும் புறத்திணைத் துறைக்குக் கையறுநிலை என்று பெயர்.