கல்லிலும் தாளிலும் கல்வெட்டு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) தமிழ்ச் சாசனம் ஒன்று உள்ளது. கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகர் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும், யானை குதிரை ஏற்றிய மரக்கலம் உடையின் காற்பங்கும், பிற பண்டம் ஏற்றியது உடையின் அரைப்பங்கும் பண்டாரத்துக்கு உரியன என்றும் அச்சாசனம் கூறுகின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. அரசனது ஆணையை உரைக்கும் இச்சான்றில் தீவகத்து உழவனும் கடலோடியும் இடம்பெறார். அவர்தம் வாழ்வை நாம் எங்கே தேடுவது?

விடை, அதே பெயர் தாங்கிய வேறொரு பொருளில் உள்ளது. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது வழங்கப்படும் சிறு நூலையும் ‘கல்வெட்டு’ என்றே அழைப்பர். இறந்த திதியைக் கூறும் வெண்பா, வமிசாவளி, வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்பல் என்பன அதன் உறுப்புக்கள். பிற்காலத்தில் புகைப்படமும் திருமுறைப் பாடல்களும் ஊர் வரலாறும் சேர்ந்து, அது ‘நினைவு மலர்’ என விரிந்தது.

மேனாட்டில் பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிவைக்கும் ஏடுகளும், தனியாட்கள் ஆக்கித் தம்முட் பகிரும் சிற்றிதழ்களும் அன்றாட எழுத்தாக ஆராயப்படுகின்றன. விற்பனைக்கன்றி உற்றார் கைக்கெனவே தொகுக்கப்படும் எமது கல்வெட்டும் அவ்வகையினதே.

எனினும் இதனை அப்படியே வரலாறாகக் கொள்ளல் தவறு. இறந்தவரைப் புகழ்வதே அதன் நோக்கம். குடும்பப் பிணக்குகள் அதில் இரா. அச்சுச் செலவைத் தாங்க இயன்றோரின் வாழ்வே பெரிதும் பதிவாகும். ஆயினும் யார் எவ்வூரில் மணம்புரிந்தார், எங்கு தொழில் செய்தார், பிள்ளைகள் எங்கு சென்றனர் என்னும் செய்திகளைப் பல கல்வெட்டுக்களில் ஒப்புநோக்கினால், ஒரு தீவின் மணவுறவும் இடப்பெயர்வும் புலப்படும். தாயொருத்தியின் கல்வெட்டில் அவள் பிறந்த வீட்டின் வழியும் பேசப்படும். அரச இடாப்புக்களில் இவ்வுறவுகள் ஒருங்கே கிடைத்தல் அரிது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளால் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பூட்டிய வீடுகளில் விடப்பட்ட ஏடுகள் பல மீளவில்லை. ஆனால் கல்வெட்டு ஒரே இடத்தில் இருப்பதன்று. அந்தியேட்டிக்கு வந்தோர் ஒவ்வொருவரும் ஒரு பிரதியைக் கொண்டுசெல்வர். ஆகவே ஊரில் அழிந்த கல்வெட்டின் மறுபிரதி கொழும்பிலோ கனடாவிலோ ஓர் உறவினரின் பெட்டியில் எஞ்சியிருத்தல் கூடும். 2005 இல் தோன்றிய நூலக நிறுவனம் இத்தகைய நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி வருகின்றது.

மாணவர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. வீட்டிலுள்ள பழைய கல்வெட்டொன்றை எடுத்து, அதனைப் பாடியவர், அச்சுக்கூடம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. பின்பு அதிற் காணும் உறவுமுறைகளை வீட்டு மூத்தோரிடம் கேட்டறிக. அச்சில் இடம்பெறாத பெயர்களையும் அவர்கள் அறிவர். அவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டல் வேண்டும்.