ரங்கநாதனும் ஆசிரியர் தர வேண்டிய புத்தகப் பட்டியலும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924இல் தன் முதல் நூலகரை நியமித்தது. அவர்தான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அதுவரை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். நூலக வேலை முதலில் அவருக்குப் பிடிக்கவேயில்லை. மீண்டும் வகுப்பறைக்கே போய்விட நினைத்தார். ஆனால் லண்டனில் நூலகப் பயிற்சி பெற்று 1925இல் திரும்பியபோது ஆளே மாறியிருந்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த நூலகமே அவர் உலகம்.

அவருடைய புகழ்பெற்ற ஐந்து நூலக விதிகள் 1931இல் நூலாக வந்தன. வாசகருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்கிறது ஒரு விதி. அவர் நேரம் வீணாகக்கூடாது என்கிறது இன்னொன்று. கல்லூரி நூலகத்தில் இவ்விரண்டையும் நூலகர் மட்டும் காப்பாற்ற முடியுமா? முடியாது. எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் என்று சொல்ல வேண்டியவர் ஆசிரியர்.

ஆசிரியர் பட்டியல் தந்தவுடன் புத்தகம் அலமாரிக்கு வந்துவிடுவதில்லை. ஒப்புதல், விலைப்புள்ளி, ஆர்டர், பில் சரிபார்ப்பு, பதிவேட்டில் எண், பிறகு வகைப்பாடு என்று வரிசையாக வேலைகள் இருக்கின்றன. நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. பட்டியல் பிப்ரவரியில் வந்தால், அவசரத்தில் கிடைத்ததை வாங்க வேண்டும். இல்லையேல் பணம் செலவாகாமலே திரும்பிப் போகலாம்.

இதன் பாதிப்பு சிறிய ஊர்களில்தான் அதிகம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகள், 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவாகும்வரை ரங்கநாதன் பணியாற்றிய அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் மாணவருக்குக் கல்லூரி நூலகம்தான் கதி. கன்னிமரா நூலகத்துக்குப் போகலாம் என்றால் திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கி.மீ., விழுப்புரத்திலிருந்து சுமார் 160 கி.மீ.

வணிகவியலையே எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் இடத்துக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. இப்படிச் சட்டம் மாறும் வேளையில் ஆசிரியரின் பட்டியல் தாமதமானால், மாணவர் பழைய சட்டத்தைப் படித்துவிட்டுப் புதிய சட்டத்தில் தேர்வு எழுத நேரும்.

நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது ரங்கநாதனின் ஐந்தாவது விதி. அது தானாக வளராது. ஆசிரியர் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அரை மணி நேரம் ஒதுக்கி நூற்பெயர், ஆசிரியர், பதிப்பு, எத்தனை படிகள் என்று எழுதிக்கொடுத்தால் போதும். வகுப்பறையிலிருந்து நூலகத்துக்குப் போன அந்தக் கணக்கு ஆசிரியருக்கு இதைவிட நல்ல மரியாதை வேறென்ன?