மூக்கில் உப்புநீர்: மரபும் வரலாறும்

தோற்றுவாய்

எழுத்துகளின் பிறப்பைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை எண்ணினார். மூக்கையும் அவ்வரிசையில் வைத்தது அவர்தம் நுண்மாண் நுழைபுலத்திற்குச் சான்றாகும். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்னும் இணைகளில் ஒவ்வோர் இணைக்கும் வாயினுள் பிறப்பிடம் ஒன்றே. மெல்லெழுத்தை வல்லெழுத்தினின்று பிரித்துக் காட்டுவது மூக்கின்வழி வரும் காற்றிசை. ஆதலின், சளி பிடித்தவர் ‘மாமா’ என அழைத்தால் அது ‘பாபா’ எனக் கேட்கிறது. மார்கழிப் பனியில் மூக்கடைப்போடு கவியரங்க மேடை ஏறிய கவிஞர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மூக்கடைப்புக்கு உப்பிட்ட நீரால் மூக்கைக் கழுவும் வழக்கம் இன்று நகர வீடுகளில் பரவியுள்ளது. அதற்குரிய குப்பியும் உப்புப் பொட்டலமும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. ‘சித்தர்கள் அன்றே சொன்னது’ என்பாரும், ‘யோகியர் கண்டது’ என்பாரும், ‘மேலை மருத்துவம் தந்தது’ என்பாரும் உளர். இம்மூன்று கூற்றுகளையும் நூல்வழி நின்று நோக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். உயிர்காப்புப் பற்றிய செய்தி ஒன்றை நம் உறுப்பினர் இல்லங்களுக்குக் கொண்டு சேர்ப்பது இரண்டாவது நோக்கம்.

சித்த மருத்துவ மரபு

மூக்கின்வழி மருந்து செலுத்துவதைச் சித்த மருத்துவம் ‘நசியம்’ என்று வழங்கும். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, ஆறு திங்களுக்கு ஒருமுறை வாந்தி மருந்தும், நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதி மருந்தும், ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை நசியமும் கொள்க என்கிறது. ஈண்டு இரு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, நசியம் என்பது மூலிகைச் சாற்றையோ தைலத்தையோ துளியளவில் மூக்கில் இடுவதாகும். ஒரு நாசியில் நீரை வார்த்து மறு நாசியில் வடிப்பது அதனின் வேறானது. மற்றொன்று, அதற்குக் கால அளவு விதிக்கப்பட்டுள்ளது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை செய்யச் சொன்னதை, நாளும் இருமுறை செய்வதற்குச் சான்றாகக் காட்டுவது நூலுக்கு நீதி செய்வதாகாது.

நம் இல்லங்களில் பாட்டிமார் கைக்கொண்டதும் பெரிதும் ஆவியே. நொச்சி இலையிட்டு வேது பிடித்தல், சுக்கைக் குழைத்து நெற்றியில் பற்றிடல், தலை குளித்த பின் சாம்பிராணிப் புகை காட்டல் ஆகியவை நீர்க்கோவைக்கு அவர்கள் அறிந்த வழிகள்.

யோக நூல் மரபு

இராஜா அண்ணாமலைபுரத்திற்குத் தெற்கே அடையாற்றைக் கடந்தால், 1886இல் கர்னல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகம் உள்ளது. சுவாத்மாராமர் 15ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘ஹட யோக பிரதீபிகை’யை, பிரம்மானந்தரின் உரையோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1972இல் வெளியிட்ட பெருமை அந்நூலகத்திற்கு உரியது. அந்நூல் கூறும் அறுவகைத் தூய்மைச் செயல்களுள் ஒன்று ‘நேதி’. ஆயின் அங்கே நேதி என்பது நீரைக் குறிக்கவில்லை. ஒரு சாண் அளவுள்ள மென்மையான நூலை மூக்கில் நுழைத்து வாய்வழியே வாங்குவதையே அது குறிக்கிறது.

நீரைப் பேசுவது பிற்காலத்ததாகிய ‘கேரண்ட சங்கிதை’. அது கபாலபாதியை மூவகையாக்கி, மூக்கின்வழி நீரை ஈர்த்து வாய்வழியே விடுவதை ‘வியுத்கிரமம்’ என்கிறது. இன்று ‘ஜலநேதி’ எனப்படுவதற்கு நெருங்கிய நூற்சான்று இதுவே. 1924இல் லோணாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர் போன்றோர் யோகச் செயல்களை ஆய்வுக் கூடத்திற்குக் கொணர்ந்தபின், துறவியர் குகையிலிருந்த பயிற்சிகள் இல்லறத்தார் முற்றம் வரை வந்தன. மூக்குவைத்த கெண்டியும் அவற்றோடு வந்தது.

பிரதீபிகை இட்ட வரம்பும் மறக்கத்தக்கதன்று. கொழுப்பும் கபமும் மிக்கவர் அறுசெயல்களை முதலில் செய்க, ஏனையோர்க்கு அவை வேண்டா என்பது அதன் கருத்து. தேரையர் காலத்தால் வரம்பிட்டார். சுவாத்மாராமர் ஆளால் வரம்பிட்டார். அளவு என்பதில் இருவரும் உடன்படுகின்றனர்.

மேலை மருத்துவமும் பிற வழக்குகளும்

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஜெர்மானிய, ஆங்கில மருத்துவர்கள் மூக்கினுள் நீர்த்தாரை செலுத்தும் முறையைக் கையாண்டனர். காதினுள் நீர் புகுந்து அழற்சி உண்டாகிறது என்ற எதிர்ப்பும் உடனே எழுந்தது. குருதியின் உப்புச் செறிவோடு ஒத்துப் போகும் கரைசல் உறுத்தாது என்னும் அறிவு பரவியபின், லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது நிலைத்த அளவாயிற்று. வெறும் நீர் மூக்கில் ஏறினால் எரிவதும், தக்க அளவு உப்பிட்டால் எரியாதிருப்பதும் இதனாலேயே. நாட்பட்ட பீனிசத்திற்கும் ஒவ்வாமைத் தும்மலுக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதனை இன்று துணை மருத்துவமாகப் பரிந்துரைக்கின்றனர்.

இசுலாமியப் பெருமக்கள் தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில், மூக்கினுள் நீர் ஈர்த்துச் சிந்துதலும் அடங்கும். ஆகவே மூக்கை நீரால் தூய்மை செய்தல் எந்த ஒரு மரபுக்கும் தனியுடைமை அன்று. பல வாய்க்கால்கள் கலந்த ஏரி போன்றது அதன் வரலாறு.

நீரின் கதை

மேற்கண்ட நூல்கள் செயலைச் சொல்லின, காலத்தைச் சொல்லின, ஆளைச் சொல்லின. எந்த நீர் என்னும் வினாவே இக்காலத்தின் வினா. சென்னைக்கு ஏழுகிணற்று நீர் 1772இலும், செங்குன்றம் ஏரிநீர் 1872இலும் வந்தன. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் இயங்கத் தொடங்கியது. 2019 கோடையில் நகருக்கு நீரளித்த ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது லாரி நீரே பல தெருக்களுக்கு வாழ்வளித்தது. குழாய், ஆழ்துளைக் கிணறு, லாரி என மூவழி வரும் நீரும் நம் அடுக்ககங்களில் ஒரே தொட்டியில் கலந்து, மொட்டைமாடி வெயிலில் சூடேறிக் கிடக்கிறது. தேக்கத்தில் குளோரினின் ஆற்றலும் குறைகிறது.

வெதுவெதுப்பான நன்னீரில் ‘நெக்லேரியா ஃபௌலேரி’ என்னும் அமீபா வாழக்கூடும். அதனை விழுங்கினால் தீங்கில்லை. மூக்கின் மேற்புறம் சேர்ந்தாலோ, மணம் அறியும் நரம்பைப் பற்றி மூளைக்கு ஏறிவிடும். இந்நோய் மிக அரிது. வந்தால் பிழைப்போர் மிகச் சிலர். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் மாண்டனர். கராச்சியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இந்நோயுற்ற பதின்மூவர் குறித்த ஆய்வறிக்கை, ஒளுவுக்குப் பயன்பட்ட குழாய் நீரின்மேல் ஐயம் கொண்டது. அண்டையிலுள்ள கேரளத்தில் 2024இல் குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர்கள் மூளையைத் தாக்கும் அமீபா நோய்க்கு இரையாயினர். மறு ஆண்டு அங்கே கிணறுகளுக்குக் குளோரின் இடும் இயக்கமே நடைபெற்றது.

உப்பே காவல் என எண்ணுதலும் பிழை. கடல்நீரில் இவ்வமீபா வாழாது. ஆயின் கடலின் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம், நாம் கரைப்பதோ 9 கிராம். காவல் கொதியில் உள்ளது. நீரை மூன்று முதல் ஐந்து நிமிடம் நன்கு கொதிக்க வைத்து, மூடி, இளஞ்சூட்டுக்கு ஆற்றிய பின்னரே உப்பிட்டுப் பயன்கொள்ள வேண்டும். எஞ்சியதை மூடிய தூய கலத்தில் ஒரு நாளுக்குமேல் வைத்தலாகாது. கெண்டியையும் அந்நீராலேயே கழுவி உலர்த்துதல் வேண்டும். காதுவலி, மூக்கில் குருதி, அண்மையில் அறுவை ஆகியன உடையோர் மருத்துவரைக் கேளாது தொடங்கலாகாது.

நிறைவாக

நசியம், நேதி, நீர்த்தாரை என்னும் மூன்றும் வேறுவேறு ஊற்றுகள். அவற்றை ஒன்றெனக் கூறிப் பழம்பெருமை பேசினால் பழைய நூல்கள் இட்ட அளவும் மறையும். இன்றைய அறிவு இட்ட எச்சரிக்கையும் மறையும். ‘முன்னோர் செய்ததுதானே’ என்று தொட்டி நீரை அப்படியே மூக்கில் வார்ப்பவர், முன்னோர் சொல்லாததைச் செய்கிறார். முன்னோர்க்கு நாம் காட்டும் மதிப்பு, அவர்கள் சொன்னதைச் சொன்னவாறே அறிந்து, சொல்லாததை நம் அறிவால் நிரப்புதலே.

நம் பகுதியில் அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி 2011இல் திறக்கப்பட்ட பூங்காவுக்குத் தொல்காப்பியர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. மூக்கின் வளியிசையை எழுத்துக்கு உறுப்பாக எண்ணிய அப்பேராசானின் வழியில் வந்த நாம், ங முதல் னகரம் வரை மெல்லினம் ஆறும் பழுதின்றி ஒலிக்க மூக்கைப் பேணுவோம். கொதித்தாறிய நீரால் பேணுவோம். பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவியரங்குகளில் அவ்வாறும் இனிதே ஒலிக்கட்டும்.