கில்லர் ஆஃப் ஷீப்: முப்பது ஆண்டுகள் திரையரங்குக்கு வராத படம்

கில்லர் ஆஃப் ஷீப் என்பது அமெரிக்க இயக்குநர் சார்லஸ் பர்னெட் 1970களில் உருவாக்கிய கறுப்பு வெள்ளைத் திரைப்படம். ‘செம்மறியாடுகளைக் கொல்பவன்’ என்பது தலைப்பின் பொருள். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வாழும் கறுப்பினத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் இப்படம், பெரிய படநிறுவனங்களின் துணையின்றி எடுக்கப்பட்டது. இன்று அமெரிக்கச் சுயாதீனத் திரைப்படங்களில் முதன்மையான ஒன்றாக மதிக்கப்படும் இது, சுமார் முப்பது ஆண்டுகள் திரையரங்குகளில் முறையாக வெளியாகவில்லை. தடையாக இருந்தது தணிக்கை அல்ல. படத்தில் ஒலித்த பாடல்களின் உரிமை.

வாட்ஸ் பகுதியும் பர்னெட்டும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் தொழிற்சாலைகளில் வேலை பெருகியபோது, தென் மாநிலங்களிலிருந்து ஏராளமான கறுப்பின மக்கள் அங்கே குடியேறினர். வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் இருந்த இனப் பாகுபாடு அவர்களை வாட்ஸ் போன்ற சில பகுதிகளுக்குள்ளேயே அடைத்தது. போருக்குப் பின் வேலைகள் குறைந்தன. காவல்துறையுடனான பகையும் வளர்ந்தது. 1965 ஆகஸ்டில் அங்கு வெடித்த கிளர்ச்சியில் 34 பேர் உயிரிழந்தனர்.

1944இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் பிறந்த பர்னெட், சிறுவயதிலேயே குடும்பத்துடன் லாஸ் ஏஞ்சலஸ் வந்து வாட்ஸில் வளர்ந்தார். பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் திரைப்படம் பயின்றார். 1934இல் ‘சாங் ஆஃப் சிலோன்’ என்ற இலங்கை பற்றிய ஆவணப்படத்தை எடுத்த பிரிட்டிஷ் இயக்குநர் பேசில் ரைட் அங்கு அவருக்கு ஆசிரியராக இருந்தார். படம்பிடிக்கப்படும் மனிதர்களை மதிப்புடன் அணுகும் முறையை அவரிடம் கற்றதாகப் பர்னெட் பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். ஹைலே கெரிமா, ஜூலி டேஷ், பில்லி உட்பெரி முதலிய கறுப்பின மாணவர்களும் அதே காலத்தில் அங்கே படித்தனர். இவர்களது படங்கள் பின்னாளில் ‘எல்.ஏ. ரெபெல்லியன்’ என்ற பெயரால் அறியப்பட்டன.

அன்றைய திரையரங்குகளில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய நாயகர்களாகவோ குற்றவாளிகளாகவோ தோன்றினர். மறுபுறம், தொழிலாளர் பற்றிய படங்கள் ஒரு சிக்கலைக் காட்டி இறுதியில் ஒரு தீர்வையும் காட்டின. தான் அறிந்த வாட்ஸில் பிரச்சினைகள் அப்படித் தீர்வதில்லை என்று பர்னெட் கருதினார்.

தயாரிப்பு

பட்டமேற்படிப்புக்கான ஆய்வேடாகவே இப்படம் உருவானது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு ஆகிய ஐந்தையும் பர்னெட்டே செய்தார். 16 மி.மீ. படச்சுருளில், பெரும்பாலும் வார இறுதி நாட்களில் படப்பிடிப்பு நடந்தது. மொத்தச் செலவு 10,000 டாலருக்கும் குறைவு. நடிகர்களில் பலர் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும்தான். தெருச் சிறுவர்கள் நடித்ததோடு படப்பிடிப்பு வேலைகளிலும் உதவினர். நாயகன் ஸ்டானாக ஹென்றி ஜி. சாண்டர்ஸும் அவன் மனைவியாகக் கேசி மூரும் நடித்தனர். 1977இல் படம் முடிந்தது.

கதை

ஸ்டான் ஆடு அறுக்கும் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்கிறான். இரவில் உறக்கம் வருவதில்லை. மனைவியிடம் நெருங்கவும் மனம் வருவதில்லை. நண்பர்கள் இருவர் ஒரு கொலைக்குத் துணைக்கு அழைக்கும்போது, வாசலுக்கு வந்து அவர்களைத் திட்டி அனுப்புபவள் அவன் மனைவி. தன்னை ஏழை என்று சொல்ல ஸ்டான் ஒப்புவதில்லை. தொண்டு நிறுவனத்துக்குப் பழைய பொருள்களைக் கொடுப்பவன் எப்படி ஏழையாவான் என்பது அவன் வாதம்.

ஒரு காட்சியில் ஸ்டானும் நண்பனும் சம்பளப் பணத்தில் பழைய கார் எஞ்சின் ஒன்றை வாங்குகிறார்கள். அதை மாடிப்படி வழியே முக்கி முனகிச் சுமந்து இறக்கி, சிறிய லாரியின் பின்விளிம்பில் வைக்கிறார்கள். உள்ளே தள்ளி வைக்கலாம் என்றால் நண்பன் இதுவே போதும் என்கிறான். வண்டி நகர்ந்ததும் எஞ்சின் தெருவில் விழுந்து உடைகிறது. இருவரும் அதை அங்கேயே விட்டுப் போகிறார்கள். இன்னொரு நாள் எல்லோரும் குதிரைப் பந்தயம் பார்க்கக் காரில் கிளம்புகிறார்கள். வழியில் டயர் பஞ்சராகிறது; மாற்று டயர் இல்லை; வீடு திரும்புகிறார்கள்.

இவற்றுக்கிடையே சிறுவர்கள் கூரைக்குக் கூரை தாவுகிறார்கள். இடிந்த மனைகளில் கல்லெறிந்து விளையாடுகிறார்கள். இறுதியிலும் ஸ்டான் அதே வேலையில்தான் இருக்கிறான். ஆனால் அவன் முகம் சற்றே தெளிந்திருக்கிறது.

பாடல்களும் உரிமைச் சிக்கலும்

பால் ராப்சன், டைனா வாஷிங்டன், எட்டா ஜேம்ஸ், எர்த் விண்ட் அண்ட் ஃபயர் முதலியோரின் இசைத்தட்டுப் பாடல்கள் படம் முழுவதும் ஒலிக்கின்றன. அமெரிக்காவைத் தன் வீடாகப் பாடும் ராப்சனின் பாடல், இடிபாடுகளில் விளையாடும் குழந்தைகள் மீது ஒலிக்கிறது. டைனா வாஷிங்டனின் ‘திஸ் பிட்டர் எர்த்’ பாடலுக்குக் கணவனும் மனைவியும் மெல்ல ஆடுகிறார்கள். பாடல் முடிந்ததும் அவன் விலகிப் போகிறான். அவள் தனியே அழுகிறாள். இவர்கள் வாய்விட்டுச் சொல்லாததைப் பாடல்களே சொல்வதால், அவற்றை நீக்கிப் படத்தை வெளியிட வழியில்லை.

மாணவர் படம் என்பதால் பாடல்களுக்கு வணிக வெளியீட்டு உரிமை பெறப்படவில்லை. எனவே படம் திரைப்பட விழாக்களிலும் கல்லூரிகளிலும் மட்டுமே, தேய்ந்துவந்த 16 மி.மீ. பிரதிகளில் காட்டப்பட்டது. 1981இல் பெர்லின் திரைப்பட விழாவில் விமர்சகர் விருது பெற்றது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், ‘தி காட்ஃபாதர்’ சேர்க்கப்பட்ட அதே ஆண்டில், இதுவும் இடம்பெற்றது. நாட்டின் பண்பாட்டுச் செல்வம் என்று ஏற்கப்பட்ட பிறகும், டிக்கெட் வாங்கிப் பார்க்க அது எந்தத் திரையரங்கிலும் ஓடவில்லை.

மீட்பும் வெளியீடும்

பர்னெட் படித்த பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக் காப்பகம் படத்தைச் சீரமைத்து 35 மி.மீ. அளவுக்கு மாற்றியது. மைல்ஸ்டோன் ஃபிலிம்ஸ் நிறுவனம், இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்கின் நன்கொடையுடன், பாடல் உரிமைகளை வாங்கியது. இதற்கு ஆன செலவு சுமார் 1,50,000 டாலர். படம் எடுக்க ஆனதைவிடப் பதினைந்து மடங்குக்கும் அதிகம். 2007இல் படம் திரையரங்குகளில் வெளியானது. அப்போதும் ‘அன்ஃபர்கெட்டபிள்’ என்ற இறுதிப் பாடலுக்கு உரிமை கிடைக்கவில்லை. ‘திஸ் பிட்டர் எர்த்’ மீண்டும் ஒலிக்கவிடப்பட்டது. 2025இல் வெளியான புதிய சீரமைப்பில்தான் மூலப் பாடல் திரும்பியது.

பர்னெட்டுக்கு 2017இல் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. அவர் திரைக்கதை எழுதி ஒளிப்பதிவு செய்ய, பில்லி உட்பெரி இயக்கிய ‘பிளெஸ் தேர் லிட்டில் ஹார்ட்ஸ்’ படமும் வேலையிழந்த வாட்ஸ் தொழிலாளி ஒருவனின் குடும்பத்தையே சொல்கிறது. ஆனால் ஸ்டானின் கதையை அது நடந்த காலத்திலேயே திரையரங்கில் பார்க்கும் வாய்ப்பு வாட்ஸ் மக்களுக்குக் கிடைக்கவில்லை. 2007இல் அது வந்தபோது, கூரை தாவிய சிறுவர்கள் நடுவயதைத் தொட்டிருந்தார்கள்.