இந்தியாவா, சீனாவா? ரெண்டு பக்கமும் கை நீட்டும் மாலத்தீவு!

சுமார் 5 லட்சம் பேர் வாழும் குட்டி நாடு மாலத்தீவு. ஆனா, இதைத் தங்கள் பக்கம் இழுக்க இந்தியாவும் சீனாவும் போட்டி போடுவது ஏன்?

இடம்தான் காரணம். வளைகுடா எண்ணெயை கிழக்காசியாவுக்குக் கொண்டு போகும் கடல் பாதைக்கு அருகில் இருக்கு இந்தத் தீவுக் கூட்டம்.

'இந்தியா அவுட்'

2023 அதிபர் தேர்தலில் இந்த முழக்கத்தோடு வென்றவர் முகமது முய்சு. 2024 ஜனவரியில் சீனா போனார். மே மாதத்துக்குள் இந்திய வீரர்கள் நாடு திரும்பினர். ஆனா, இந்தியா கொடுத்த ஹெலிகாப்டர்கள் அங்கேயே இருந்தன. அவற்றை இயக்க, ராணுவம் சாராத இந்தியப் பணியாளர்கள் போனார்கள்.

அப்புறம் ஏன் மனமாற்றம்?

டாலர் தட்டுப்பாடு. அரிசி முதல் டீசல் வரை அங்கே இறக்குமதிதான். 2024 அக்டோபரில் டெல்லி வந்தார் முய்சு. 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற வசதி கிடைத்தது. 2025 ஜூலையில், 60-வது சுதந்திர தின விழாவுக்கு பிரதமர் மோடியை சிறப்பு விருந்தினராக அழைத்தார். இந்தியா மேலும் 4,850 கோடி ரூபாய் கடன் அறிவித்தது.

அப்போ சீனா?

அதையும் விடவில்லை. தலைநகர் மாலேயை விமான நிலையத் தீவோடு இணைப்பது 2018-ல் திறந்த சீனப் பாலம். மாலேயின் மறுபக்கம், 6.7 கி.மீ. நீளத்துக்கு இந்திய நிதியில் இன்னொரு பாலத் திட்டம்.

சிக்கல் என்ன?

ரெண்டு பாலத்திலும் மானியத்தோடு கடனும் இருக்கு. போட்டி இருக்கும்வரை பேரம் பேசலாம். தவணை தவறினால், பேரம் பேசும் இடம் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும்.